மெக்கானிக்கின் இரண்டு விரல்கள்

என்னைப் போல அறிவாளி திருத்தணியில் கிடையாது. கார் பூஜைக்காக, ஆட்டோமேட்டிக் வண்டியின் அடிவயிறு வரை தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியவன் நான். பூஜை முடிந்து மலையிறங்கியதும் கார் ஒரே கியரில் முனகியது. பின்சீட்டில் இருந்த மகளோ அரக்கோணத்தில் ரயிலேறி இன்டர்வியூவுக்குப் போக வேண்டும்.

வழியில் இருந்த மெக்கானிக் ஒல்லியான ஆள். எதைச் சொன்னாலும் விரல்களையும் பேச வைப்பார். இரண்டு ஆட்காட்டி விரல்களையும் சுழற்றினார்.

“கியர்பாக்ஸுக்குள்ள போற சுத்தை ஒரு சென்சார் எண்ணிக்கினே இருக்கும், வெளிய வர்றத இன்னொண்ணு. ரெண்டையும் பாத்துதான் கம்ப்யூட்டர் கியர் மாத்தும்.” ஒரு விரல் நின்றது. “தண்ணி பூந்து இது செத்துப்போச்சு. கணக்கு புரியாம வண்டி ஒரே கியர்ல நிக்குது.”

மற்ற விரல் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்றும் என் கண்ணில் சுற்றுகிறது.

“பூஜை போட்ட வண்டிங்க! ரயிலுக்கு அரை மணிதான் இருக்கு. இப்ப என்னங்க பண்றது?”

“ஆட்டோ புடி, நைனா.”