எத்தனை தாள் இருந்திருக்கும்?

அபுதாபியில், முசஃபா லேபர் கேம்பில் எனக்குக் கீழ்க்கட்டிலில் ஒரு வெல்டர் இருந்தார். கழுத்தெல்லாம் பொறி சுட்ட தழும்பு. லீவு நாளில் பழைய ரிஜிஸ்டர் தபால் உறைகளைப் பரப்பிவைத்து, ஸ்டாம்புகளின் விலையைக் கூட்டி, பதிவுக் கட்டணத்தைக் கழித்து, எடைக்கென்று ஒட்டிய மீதியை வைத்து உள்ளே எத்தனை தாள் இருந்திருக்கும் என்று கண்டுபிடிப்பார்.

ஒருமுறை, அவர் புதிதாக வாங்கிவந்த உறைகளின் ஸ்டாம்புகளையெல்லாம் ரூம்காரன் ஒருவன், உதவி என்று நினைத்து, ஒரே வாளியில் ஊறவைத்து உரித்துவிட்டான். அவன் முகத்தைக் கட்டில் கம்பியில் மோதினார். இரண்டு பல் தெறித்தது. மறுபடி மோதப்போனவரை மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம்.

"ஸ்டாம்புக்காகவாண்ணே ஆளக் கொல்லப் பாத்தீங்க?" என்றேன்.

"ஸ்டாம்பு கெடக்குது. எது எந்தக் கவர்ல இருந்துச்சு? யாரு எவ்வளவு எழுதுனாங்கன்னு இனி எப்புடிடா தெரியும்?"

முன்பின் தெரியாத யாரோ எழுதிய கடிதங்கள். எனக்கு இன்றும் விளங்கவில்லை. அடிபட்டவனை அவர் திரும்பியே பார்க்கவில்லை. கை ரத்தத்தை லுங்கியில் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் அந்தக் காலி உறைகளைத் தொட்டார்.