மஜ்ஜைக்கு ஒரு தாம்பூலத் தட்டு

எனக்கு வந்திருந்த ரத்தப் புற்றுநோயின் பெயர் அக்யூட் மைலாய்ட் லுக்கீமியா. முதல் கட்டக் கீமோ முடிந்ததும், மஜ்ஜையில் இப்போது புற்று அணுக்கள் தென்படவில்லை என்றார் டாக்டர். ரெமிஷனாம். என் மனைவி உடனே கைப்பையிலிருந்து விபூதியை எடுத்தாள்.

"பொறுங்கம்மா, இன்னும் முடியல," என்றார் அவர்.

இனி இரண்டு வழி. மேலும் சில சுற்று கீமோ. அல்லது உடன்பிறந்தவரின் மஜ்ஜையில் ஊறும் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தத்தின் மூல அணுக்களை, வாங்கி என் உடம்பில் ஏற்றுவது. என் மரபணு ரிப்போர்ட்டைப் பார்த்தால் கீமோ மட்டும் போதாது, நோய் திரும்பி வரலாம். இரண்டாவதிலும் ஆபத்து உண்டு. வந்து சேரும் அணுக்கள் என் உடம்போடு சண்டை பிடிக்கலாம்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா சார்? பொருந்துதான்னு பார்க்கணும்."

இருந்தார். என் இரும்புலியூர் வீட்டுக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில், ஒரே ஒரு அண்ணன். சண்டை பிடிப்பதில் முன் அனுபவமும் உள்ளவர். என் மகள் கல்யாணப் பத்திரிகையை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஊரே அப்படித்தான் அனுப்புகிறது. நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கவில்லை என்று அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பின் பேச்சும் இல்லை. நான் மொட்டைத் தலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

எங்கள் வழக்கத்தில் நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் வருவார்கள். கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே வந்துவிடுவார்கள். மஜ்ஜை எதில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி யோசிக்கவில்லை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கினாள்.

பொங்கலுக்கு ஊர் போகும் கூட்டம். ஜிஎஸ்டி ரோட்டில் ஆட்டோ நகரவில்லை. முகக்கவசமும் மடியில் தட்டுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் சம்பந்தம் பேசப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

கதவைத் திறந்த அண்ணன் முதலில் தட்டைத்தான் பார்த்தார். மனைவி அதை நீட்டினாள்.

"மாமா, இவருக்கு உங்க ஸ்டெம் செல் வேணும். டெஸ்டுக்கு அவசியம் வந்துடணும். குடும்பத்தோட வரணும்," என்றாள், பழக்கதோஷத்தில்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

"சாகக் கிடந்தேனே, அப்ப ஏன் வரல?"

"அதுக்குத்தான்டா வரல," என்றார். "கூப்பிடாம வந்தா அது கெட்ட காரியம் ஆயிடும். என் தம்பி வூட்ல அப்படி ஒண்ணும் நடக்கல. நீ எப்படா வந்து கூப்பிடுவேன்னு உக்காந்துகினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து, எந்தக் கையில் குத்துவார்கள் என்று கேட்டார்.