முன்கூட்டியே போன நன்றி

எங்கள் அண்ணனுக்கு எதையும் முன்னாலேயே செய்து வைத்தால்தான் நிம்மதி. வாரம் முழுவதற்குமான சட்டைகளை ஞாயிற்றுக்கிழமையே இஸ்திரி போட்டு மாட்டிவிடுவார். பிஸ்கட் தொழிற்சாலையில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. அடுத்த மாதத்து அட்டவணை இந்த மாதம் பாதியிலேயே பலகையில் ஏறிவிடும். எல்லோருக்கும் அவர் 'ஷிப்ட் சார்'. அவருக்கென்று ஒரு பெயர் இருப்பதே பலருக்கு அவருடைய பிரிவுபசாரக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

தொழிற்சாலையை வேறொரு கம்பெனி வாங்கியது. அட்டவணையைத் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும் என்று சொல்லி, ஐம்பதைத் தாண்டிய அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விளம்பரம் பார்த்து விண்ணப்பித்ததில் ஒன்றும் நகரவில்லை. தெரிந்தவர்களைப் போய்ப் பாருங்கள், வேலை கேட்காமல் யோசனை கேளுங்கள், அப்படித்தான் கதவு திறக்கும் என்று நான் சொன்னேன். மறுநாளே பழைய சகாக்களுக்கு மெயில் எழுத உட்கார்ந்தார். 'தங்களுக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறதோ அப்போது, எங்கு வரச் சொல்கிறீர்களோ அங்கு' என்று எல்லா மெயிலும் முடிந்தது. எல்லோரும் அன்பாகப் பதில் போட்டார்கள். கட்டாயம் பார்க்கலாம் என்றார்கள். ஒருவரும் நாள் சொல்லவில்லை.

அண்ணி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறார். நாள் முழுக்க அப்பாயின்ட்மென்ட் கொடுப்பதுதான் வேலை. மெயில்களைப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"எப்ப வேணா வர்றேன்னு சொல்றவங்களுக்குத்தான் எங்ககிட்ட நேரமே அமையாது. செவ்வாய் காலையிலயா, வியாழன் மத்தியானமான்னு கேளுங்க. ரெண்டும் தோதுப்படலைன்னா அவங்களே வேற நாள் சொல்வாங்க."

இன்னொன்றும் இருந்தது. வேலை போனதிலிருந்து அண்ணனுக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். மெயிலெல்லாம் அந்த நேரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு மனுஷன் தூக்கமில்லாமல் தவிக்கிறார் என்று தெரிந்துவிடுமே என்று அண்ணிக்குக் கவலை. நான் அண்ணனுக்கு மெயிலில் இருக்கும் ஒரு வசதியைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போதே எழுதிவிட்டு, வேண்டிய நாளும் நேரமும் குறித்து வைத்தால் மெயில் அப்போது தானாகப் போய்ச் சேரும்.

சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. அண்ணனுடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் எழுதி அடுக்கிவிட்டார். காலாண்டு வரி கட்டிவிட்டாயா என்று எனக்கே ஒரு மெயில் வந்தது. கேட்டால், போன மாதமே எழுதி வைத்தேன் என்கிறார்.

நாள் குறித்துக் கேட்டதும் சந்திப்புகள் அமைய ஆரம்பித்தன. அவற்றில் அவர் பெரிதும் நம்பியிருந்தது ஒன்று. முன்பு அவரிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இப்போது பெரிய மருத்துவமனையில் நர்ஸ்களின் டியூட்டியைக் கவனிக்கும் மேலாளர். வியாழன் மத்தியானம், மருத்துவமனைக்கு எதிரில் இருக்கும் காபிக் கடையில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அண்ணன் புதன்கிழமையே நன்றி மெயிலையும் எழுதி, வியாழன் சாயங்காலத்துக்குக் குறித்து வைத்துவிட்டார். சந்தித்த அன்றே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாராம்.

வியாழக்கிழமை அவர் காபிக் கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, வர முடியாது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அம்மாவைக் கவனியுங்கள் என்று அண்ணன் ஆறுதல் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

சாயங்காலம் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் சிணுங்கியது. எந்த மெயில் அனுப்பினாலும் தனக்கும் ஒரு பிரதி வரும்படி வைத்திருப்பார். எடுத்துப் பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்தார். போனை வாங்கி நானும் படித்தேன்.

'இன்று இவ்வளவு நேரம் ஒதுக்கி மனம்விட்டுப் பேசியதற்கு நன்றி. காபியும் அருமை. கடைசியில் நீங்கள் சொன்ன ஆலோசனையை என்றும் மறக்க மாட்டேன்.'

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணனுடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்தப் பெண் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்திவிட்டு இதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும் சொன்னார். கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். நின்றபடியே, ஈரக் கையோடு தட்டினார். 'அந்த மெயில் நேற்றே எழுதி வைத்தது. நிறுத்த மறந்துவிட்டேன். மன்னிக்கவும். அம்மா நலமாக வேண்டும். இதற்குப் பதில் போட வேண்டாம்.' அவர் முன்கூட்டியே யோசிக்காமல் எழுதிய மெயில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பதில் வரவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தாலும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் போனதும், அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்களேன், அதில் என்ன தப்பு என்று அண்ணி கேட்டார்.

"வேலை கேட்கற வாயால அம்மாவை விசாரிச்சா, ரெண்டும் ஒண்ணாத்தான் காதுல விழும். அவங்க அம்மா எழுந்து நடக்கட்டும்" என்றார் அண்ணன்.

அண்ணி எழுந்து காபி போடப் போனார். அன்றைக்கு அண்ணனுடைய டம்ளரில் மட்டும் டிகாஷன் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் அந்தப் பெண்ணே எழுதினார். அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார்களாம். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அந்த மெயிலைப் படித்துத் தனியாகச் சிரித்தாராம். கூட இருந்த தம்பி பயந்துபோனானாம். திங்கள் அல்லது புதன், எது தோதுப்படும் என்று கேட்டுவிட்டு, 'கடைசியில் நான் சொன்ன ஆலோசனை என்னவென்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை, சார்' என்று முடித்திருந்தார்.

திங்கட்கிழமை போய் வந்தார். மருத்துவமனையில் இடம் இல்லை என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனத்தில் தினமும் ஒரே குளறுபடி; காலையில் வர வேண்டியவர் சாயங்காலம் வருகிறார், சில நாள் இரண்டு பேர் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். அதன் முதலாளியம்மாவிடம், உங்களுக்கு ஒரு ஷிப்ட் சார் வேண்டும் என்று அந்தப் பெண்ணே பேசினார்.

அண்ணன் அங்கே சேர்ந்து இப்போது நான்கைந்து மாதம் இருக்கும். மாதக்கணக்கில் போட்டு வைக்கிற அட்டவணை அங்கே செல்லாது. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தியின் பஸ் வரவில்லை, ஒரு பெரியவர் பழகின முகம்தான் வேண்டும் என்று அடம். காலையில் போட்டதை மத்தியானம் கலைத்துப் போடுகிறார். வீட்டில் புலம்புகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார்.

அவருடைய அலுவலகமும் அண்ணியின் பல் மருத்துவமனையும் ஒரே சாலையில்தான். முதலில் முடிக்கிறவர் மற்றவருக்காகக் கீழே காத்திருந்து, இருவரும் நடந்தே வீடு திரும்புகிறார்கள். போன வாரம் நான் ஸ்கூட்டரில் அவர்களைத் தாண்டிப் போனேன். அண்ணியின் கைப்பை அண்ணனுடைய தோளில் தொங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் அப்பாயின்ட்மென்ட்டைக் கைவிடுகிறவர்களை இருவரும் சேர்ந்து திட்டிக்கொண்டு வந்தார்கள். நான் ஹார்ன் அடித்தேன். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.