கீழ்வீட்டுக் கதவில் தொங்கிய அட்டை

ஜெர்மனியின் ஹம் நகரில் நாங்கள் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு ஜெர்மன் அம்மா தனியாக இருந்தார். வாசல் நடைபாதையில் விழும் பனியைக் காலை ஏழு மணிக்குள் அள்ளிவிட வேண்டும் என்பது நகரசபைச் சட்டம். கிழமைக்கு ஒரு வீடு என்று வாரமுறை வைத்திருந்தோம். முறை யாருடையதோ அவர் கதவில் ஓர் அட்டை தொங்கும்.

ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அட்டை எங்கள் கதவை விட்டு நகரவில்லை.

“இந்தக் கிழமையும் நாங்களோ?” என்று கணவரைக் கேட்டேன்.

“ஓம். நகரசபை எழுதியிருக்குது, பாரும்” என்று ஒரு கடிதத்தைக் காட்டினார்.

எனக்கு டொச் மொழி வாசிக்க வராது. நகரசபையை ஏசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார் என்று அவரையும் ஏசினேன்.

அடுத்த குளிர்காலத்தில், எங்கள் முறை வந்த கிழமையில், என் கணவர் இறந்துபோனார். மறுநாள் பார்த்தால் அட்டை கீழ்வீட்டுக் கதவில் தொங்கியது. சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்காரி பொதுவாசலில் கைவைக்கக் கூடாதென்று அந்த அம்மா கழற்றிவிட்டாராக்கும் என்று எனக்குக் கொதித்தது. ஜெர்மன்காரருக்கு ஏது துடக்கு என்று அப்போது தோன்றவில்லை. அட்டையைப் பிடுங்கினேன்.

சத்தம் கேட்டு அந்த அம்மா பனி அள்ளும் சவளோடு வெளியே வந்தார். எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகப் பேசினார்.

“போன வருடம் என் இடுப்பு முறிந்தபோது என் முறைக்கும் உங்கள் கணவர்தான் அள்ளினார். சொல்லவில்லையா?”

சொன்னார் என்று பொய் சொன்னேன். அட்டையை அவர் கதவிலேயே திரும்ப மாட்டினேன்.

மேலே வந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து, மகளிடம் வாசிக்கச் சொன்னேன். குப்பை வண்டி வரும் நாட்களைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.