கோயில் இல்லாத மலைக்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பொய் சொன்னேன். வாயால்கூடச் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை நம்பி ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் குறைகளைச் சொல்லிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கோழிப்பண்ணை. கல்யாணமாகி வந்த முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த உலகம் முட்டை, தீவனம், தண்ணீர்க் குழாய், மறுபடி முட்டை. கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, தீபாவளி தெரியாது. நானும் என் கணவரும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வெளியூர் போனது கிடையாது. ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில், ஐம்பத்து நான்கு வயதில், எவரெஸ்ட் மலையின் அடிவார முகாம் வரைக்கும் நடந்து போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி, என்னைவிடக் கொஞ்சம் குண்டு, மூச்சு வாங்க வாங்க ஒரு கல்மேட்டில் ஏறி நின்று சிரித்தாள். ஏன் ஆசை வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. வந்தது, அப்புறம் போகவே இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளிடம்தான் முதலில் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த வாரமே வழிகாட்டியோடு போகிற ஒரு குழுவில் எனக்கு இடம் பிடித்துவிட்டாள். வழிகாட்டி நேபாளக்காரர். வீடியோ காலில் அவர் இந்தியில் கேட்க, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடப்பீர்கள் என்றார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஷெட்டில் நடந்துகொண்டேதான் இருக்கிறேன் என்றேன். அது சமதரை, ஆறு மாதம் முதுகில் பாரத்தோடு படி ஏறிப் பழகுங்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "மேலே போனதும் தலைவலித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். மறைத்தவர்களைத்தான் நான் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன்." நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை என்று வீராப்பாகச் சொன்னேன்.

என் கணவருக்கு விஷயம் தெரியும். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "போறதுன்னா போயிட்டு வா. ஆனா அக்காகிட்ட நீயே பேசிக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

அக்கா என்று அவர் சொன்னது அவருடைய மூத்த சகோதரியை. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நங்கையாவுக்கு அறுபத்து இரண்டு வயது. பக்கத்து ஊரில் இருபது வருஷம் பண்ணை நடத்தி, இப்போது மகனிடம் விட்டிருக்கிறார். போக வர எனக்குப் பதினெட்டு நாள் ஆகும். அத்தனை நாளும் பண்ணையில் என் இடத்தில் நின்று பார்க்க உலகத்தில் அவர் ஒருவரைத் தவிர ஆள் கிடையாது. அவர் வருகிறேன் என்றால் நான் எவரெஸ்ட் போகலாம். மாட்டேன் என்றால் கூண்டுக் கோழியோடு நானும் கூண்டுதான்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பயிற்சியை ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கயிறு கட்டுகிற ஷூ போட்டேன். கால் பழகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே ஷெட்டுக்குள் போனதில், புதுச் சத்தம் கேட்டுக் கோழிகள் மிரண்டு இறக்கையை அடித்துக்கொண்டு ரகளை பண்ணிவிட்டன. "கோழியா மலையா, ஒண்ண முடிவு பண்ணு புள்ள!" என்று என் கணவர் கத்தினார். அதற்குப் பிறகு ஷூ சாலையில் மட்டும்தான். வாரம் மூன்று நாள் முதுகுப் பையில் ஏழு கிலோ மக்காச்சோளத்தை நிரப்பிக்கொண்டு, பஸ் பிடித்துத் திருச்செங்கோட்டு மலைப்படி ஏறினேன். முதல் நாள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. ஒன்றரை மாதத்தில் நிற்காமல் உச்சிக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு நானே ஒரு சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

சேலைக்குக் கீழே ஷூவும் முதுகில் மூட்டையுமாக ஒருத்தி வாரம் மூன்று நாள் மலைக்கோயில் படி ஏறினால் எங்கள் சனம் என்ன நினைக்கும்? வேண்டுதல் என்றுதான் நினைக்கும். யாரோ பார்த்து நங்கையாவிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அவர் வந்து இறங்கினார்.

"ஏனம்மிணி, என்ன வேண்டுதல்? என்கிட்டக்கூடச் சொல்லாம மூட்டை சொமக்கற?"

"வேண்டுதல்னு இல்லீங்க நங்கையா. நேபாளம் போகோணும். அதுக்குத்தான் நடந்து பழகறேன்."

"நேபாளமா? முக்திநாத் கோயிலுக்கா!"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு பூரிப்பு. நான் வாயைத் திறந்தேன், மூடினேன், தலையை ஆட்டினேன்.

"அட சாமி! நல்லா போயிட்டு வா. பண்ணைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

மூன்று மாதமாக எனக்குத் தூக்கம் கெடுத்த கேள்வி அரை நிமிஷத்தில் தீர்ந்துபோனது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வினை. நங்கையாவின் வாயில் விழுந்த சேதி நாலு ஊருக்குப் போனது. ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தர் பேரனுடைய பெயர், ராசி, நட்சத்திரம் எழுதிய சீட்டைக் கொடுத்தார். ஒருத்தர் சர்க்கரை நோய்க்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, சாமி காரியம் என்று தார்ப்பாயை வெட்டி என் பைக்கு மழையுறை தைத்துக் கொண்டுவந்தான். எதிர்வீட்டு அக்காவுக்கு முப்பத்தாறு வயதில் ஒரு மகன். தோட்டம் இருக்கிறது, கார் இருக்கிறது, பெண்தான் கிடைக்கவில்லை. அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு ஒரு நல்ல வழி காட்டச் சொல்லுங்க. நீங்க கேட்டாச் சாமி குடுக்கும்" என்று அழுதபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "காட்மாண்டுல பெரிய கோயில் ஒண்ணு இருக்குதாம். அங்க ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துட்டீன்னா, பாதி நெசமாயிரும்."

"பொய்யில என்னங்க பாதி, முழுசு? முட்டையில பாதி விக்க முடியுமா?" என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவர்மேல் இல்லை.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது நங்கையா குலதெய்வத்திடம் பூப்போட்டுக் கேட்க ஏற்பாடு செய்தார். பெண் பார்க்கப் போவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் பக்கம் கேட்டுவிட்டுத்தான் செய்வோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, காரியத்தைச் சொல்லி ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் போகலாம்.

கோயில் பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரிக்கு அருகில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் போனோம். பூசாரி பொட்டலங்களை வைத்துவிட்டு, "என்ன காரியமுங்க?" என்றார்.

"எந்தம்பி சம்சாரம் முக்திநாத் போறா" என்று நங்கையா கையைக் கூப்பினார்.

மனுஷனிடம் தலையாட்டலாம். சாமியிடம் எப்படி ஆட்டுவது? அந்த வழிகாட்டி சொன்னது வேறு அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. மலை ஏறும் முன்னாலேயே எனக்குத் தலைவலி ஆரம்பித்திருந்தது.

"நங்கையா, நான் முக்திநாத்துக்குப் போகலீங்க. எவரெஸ்ட் மலை அடிவாரத்துக்குப் போறேன். அங்க கோயில் கெடையாது. கல்லும் பனியுந்தான். நடந்து போயிப் பாத்துட்டு வாரதுக்குத்தான் போறேன்."

பூசாரி தீபத்தட்டோடு அப்படியே நின்றார். என் கணவர் தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் போய்விட்டார்.

"கோயிலே இல்லியா?" என்றார் நங்கையா.

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குப் பொய் சொன்ன?"

"நெசத்தச் சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார். பொட்டலத்தை எடுக்காமலே வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். வீடு வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, "ஊருப்பட்ட சனத்தோட கண்ணீரை வாங்கி வெச்சுட்டயே, புள்ள" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். சீட்டைத் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். தம்பி மட்டும், "மழை பெஞ்சா சாமி மலையின்னு பாத்தா பெய்யும்? உறை இருக்கட்டும்" என்றான். எதிர்வீட்டு அக்கா வீட்டுக்குப் போக இரண்டு நாள் தைரியம் வரவில்லை. போய்ச் சொன்னேன். அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்தன ஒசரத்துல நின்னு சொன்னா எந்தச் சாமிக்காச்சும் கேக்காதா? நீங்க சொல்லுங்க" என்றார். கூடவே ஒரு டம்ளர் மோரும் கொடுத்தார். நான் அந்த வாசலிலேயே அழுதுவிட்டேன்.

நங்கையாவிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. போன் செய்தால் மருமகள் எடுத்து, "அத்தை தோட்டத்துல இருக்கறாங்க" என்றாள். எந்நேரமும் தோட்டத்தில் அவருக்கு என்ன சோலி? எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு நாள் போனது. நான் மகளைக் கூப்பிட்டு என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அவள், "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்மா" என்றாள். அன்றைக்கும் நான் திருச்செங்கோட்டுப் படி ஏறினேன். போகப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் ஏறினேன் என்று கேட்காதீர்கள். ஏறினால்தான் மூச்சு விட முடிந்தது.

மறுநாள் காலை முட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. நங்கையா இறங்கினார். கையில் துணிப்பை. நேராக ஷெட்டுக்கு வந்து, தண்ணீர்க் குழாயை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "கடைசி வரிசைல தண்ணி சரியா வரல. இதக்கூடப் பாக்கறதில்லியா?" என்றார்.

நான் முட்டை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"என்ன பாக்கற? பதினெட்டு நாளுதான? நான் இருக்கறேன், போ."

"நங்கையா, அங்க கோயில்..."

"இல்லைன்னு சொல்லிட்டயே. எத்தன தடவை சொல்லுவ?" சிடுசிடுவென்று சொல்லிவிட்டு, தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொல்லவில்லை. கோழிகளைப் பார்த்தபடி பேசினார்.

"எங்கூட்டுக்காரரு தவறிப்போன வருசத்துலருந்து நான் பழநிக்கு நடந்து போயிட்டு இருந்தேன். பதினோரு வருசம். முட்டி போற வரைக்கும். எல்லாரும் என்னைய பக்தின்னாங்க. மூணாவது நாளு கால் வலி மரத்துப் போயிரும், பாரு. அதுக்கப்பறம் ரோடும் நானுந்தான். சோறு ஆக்குன்னு யாருங் கூப்புட மாட்டாங்க. சாவி எங்கன்னு கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போனேன். பழநி வந்துட்டா எனக்கு அழுகை வரும். சாமியப் பாத்து அழுகறான்னாங்க. நடை முடிஞ்சு போச்சேன்னு அழுதேன். இத நான் யார்கிட்டயுஞ் சொன்னதில்ல. கோயில்ல, சாமி முன்னால நின்னு நீ பட்டுன்னு சொல்லிட்ட. எனக்குத்தான் அந்த வாய் வரல. உன்மேல கோவம்னு நெனச்சியா?"

அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அங்க எத்தன வயசு வரைக்குங் கூட்டிட்டுப் போவாங்க?"

"வயசு கணக்கில்லீங்களாம். ஒடம்பும் முட்டியும் நல்லாருந்தாப் போதுமுங்க."

அவர் முட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு எழுந்து, நான் வைத்த அட்டையை எடுத்து, நான் விட்ட கூண்டிலிருந்து முட்டை பொறுக்க ஆரம்பித்தார்.

"மலையப் பாத்த கதைய ஊருக்குச் சொல்லு" என்றார், திரும்பாமலே. "எனக்கு நடந்த கதை மட்டுஞ் சொல்லு. ஒரு நாள் விடாமச் சொல்லோணும்."

"சொல்றேனுங்க நங்கையா" என்றேன்.