பச்சரிசி தின்னும் பெண்

பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்பார்கள். என் மகள் தின்ற அரிசிக்கு எங்கள் நகரி ஊரில் வெள்ளமே வரவேண்டும். பத்தாவது படிக்கிற பெண். நான் அரிசி களையும்போது ஒரு பிடி, பள்ளிக்குக் கிளம்பும்போது பையில் ஒரு பிடி. கரகரவென்று மென்றுகொண்டேதான் பாடம் படிப்பாள்.

"பொண்ணு மூட்டையையே துன்னுகினு இருக்கா, ரேஷன் அரிசி எப்டி பத்தும்?" என்று அவளுடைய நைனா கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பள்ளியில் ரத்தப் பரிசோதனை செய்த அன்று சிரிப்பு நின்றது. "ரக்தம் தக்குவ", ரத்தம் குறைவு என்று தெலுங்கில் சொல்லி, திருப்பதிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். சோம்பல் என்று திட்டினேனே தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

தறியை நிறுத்திவிட்டு வர முடியாது என்று என் கணவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். நாங்கள் இருவரும் புத்தூர் வழியாக பஸ்ஸில் போனோம். என் தோளில் சாய்ந்து அவள் தூங்கினாள். நானும் தூங்கினேன். எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். விடிந்ததும் தறிக்கு நூல் சுற்றி, சமைத்து, துவைத்து, மறுபடி நூல் சுற்ற உட்காருகிறவளுக்கு அசதி இல்லாமல் என்ன செய்யும்? பிறந்த ஜாதகம் அப்படி என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "அரிசி, மண்ணு, சாக்பீஸ் ஏதாவது திங்கிறாளா?" என்பதுதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தம் குறைந்த உடம்பு அப்படி எதையாவது மெல்லக் கேட்குமாம். மாத்திரை எழுதினார். டீயோடு போடக் கூடாது, போட்டால் சத்து உடம்பில் சேராது என்றார். எங்கள் வீட்டில் தண்ணீரைவிட டீதான் அதிகம். கீரை, முட்டை, ஈரல் கொடுங்கள், ரத்தம் ஏறாவிட்டால் படுக்கவைத்து ஏற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்தார். "இவ வயித்துல இருந்தப்ப நீங்களும் அரிசி தின்னீங்களா?"

மகள் திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"எனக்கு எதுக்கு மேடம்? ஒடம்பு சரியில்லாதது பொண்ணுக்குத்தானே."

பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு அவளுக்கு எட்டு இருந்தது. எனக்கு ஏழு.

வெளியே வந்து பக்கத்திலிருந்த மெஸ்ஸில் உட்கார்ந்தோம். "மா, நான் வயித்துல இருந்தப்ப நீ இன்னாதான் துன்ன?" என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தெம்பில்லை. நிறையத் தின்றால் பிள்ளை பெருத்து ஆபரேஷனில் முடியும் என்று மாமியார் பயமுறுத்தியதால் அரை வயிறுதான் சாப்பிட்டேன். அங்கன்வாடியில் எனக்குக் கொடுத்த முட்டையை வீட்டுக்கே குழம்பு வைத்தேன். கடைசியில் என் தட்டுக்குக் குழம்பு வரும், முட்டை வராது. பிறந்தபோது நீ கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாய், பால் மறந்த வயதிலும் உனக்கு டீயில் நனைத்த பிஸ்கட்டுதான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பரிமாறுகிறவர் வந்து நின்றார். "ஒரு சாப்பாடு போதும். எனக்குப் பசியில்ல" என்றேன்.

"ரெண்டு மீல்ஸ், ரெண்டு ஆம்லெட்" என்றாள் மகள்.

இலையில் சோறு வந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆறிப்போவுது, துன்னுடி."

"நீ துன்னு. அப்பறம் நான் துன்றேன்."

"வயசுக்கு மீறிப் பேசாத."

அவள் அசையவில்லை. பிள்ளை வெளிறிப்போய் எதிரே பட்டினியாக உட்கார்ந்திருக்கிறது, வேறு வழியில்லை. ஒரு வாய் வைத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் இலையில் கை வைத்தாள். கல்யாணமானதிலிருந்து எனக்காக யாரும் சாப்பிடாமல் காத்திருந்ததில்லை. அழுகை முட்டியது, அத்தனை பேர் நடுவில் வெட்கமாகவும் இருந்தது. இருந்தும் கை நிற்கவில்லை. எனக்கு அவ்வளவு பசி இருந்திருக்கிறது.