மாம்பழத்துக்கு வாசனை இல்லை

பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் சரசாவின் வேலை போனது. என் மூக்கு செத்துப்போனதை மறைக்கத்தான் சொன்னேன்... வேறு காரணமே இல்லை!

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் நான் மேற்பார்வையாளன். இனிப்பையும் புளிப்பையும் அளக்க லேப் இருக்கிறது. வாடைக்கு மட்டும் நான்தான். லாரியில் வந்த பழம் ஒன்றைப் பிளந்து முகர்ந்து, நான் தலையாட்டினால்தான் பெல்ட் ஓடும். 'மூக்குக்காரர்' என்றே எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு எத்தனை கர்வம் தெரியுமா உங்களுக்கு?

போன வருடம் டாக்டர் பி.பி. மாத்திரையை மாற்றினார். கொஞ்ச நாளில் எதைத் தின்றாலும் துருப்பிடித்த இரும்பை நக்கியது போல இருந்தது. பின்னாலேயே மணமும் போனது. ரசத்தைத் தட்டோடு தள்ளினேன்.

"உப்பு, புளி எல்லாம் சரியாத்தான் இருக்குது. உங்க நாக்குலதான் கோளாறு" என்றாள் என் மனைவி.

டாக்டரும் அதையேதான் சொன்னார். "மாத்திரையால இருக்கலாம், வயசாலயும் இருக்கலாம். மாத்திப் பாப்போம்." மாற்றினார். ஒன்றும் திரும்பி வரவில்லை! பச்சை மிளகாயைக் கடித்தேன், எரிந்தது, ருசிக்கவில்லை. சாம்பிராணிப் புகைக்குள் முகத்தை நீட்டினேன், கண்ணீர்தான் வந்தது. சனியன் பிடித்த மாத்திரை! சனியன் பிடித்த மூக்கு!

ஆலையில் சொல்லியிருக்கலாம் அல்லவா? எடை போடும் இடத்தில் உட்கார வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மூக்குக்காரன் போய் எடை போடுவதா... மனம் ஒப்பவில்லை. பழத்தின் நிறத்தையும் காம்படியையும் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஒரு நாள், வழியில் பழுதாகி வெயிலில் நின்றுவிட்ட லாரி வந்து சேர்ந்தது. பழம் பிரிக்கும் சரசா ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, புளிச்ச வாடை குப்புன்னு அடிக்குது. இதப் போடலாமா?"

பிளந்து முகர்ந்தேன். வெறும் காற்று! "நல்லாத்தான் இருக்குது. எனக்கே சொல்லித் தர்றியா? போம்மா, வேலையப் பாரு!"

மெஷின் இரைச்சலில் வேறு யார் காதிலும் அது விழவில்லை.

வாங்கியவர்கள் கூழைத் திருப்பி அனுப்பினார்கள். புளித்த நெடி தாங்க முடியவில்லையாம்... எனக்குத்தான் அதுவும் தெரியவில்லையே! முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"நான் சொன்னனேண்ணா..." என்றாள் சரசா, என்னையே பார்த்துக்கொண்டு.

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. பிரிக்கற எடத்துலதான் அழுகல வுட்டிருக்காங்க" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்! மறுநாள் கம்பெனி வேன் அவளை ஏற்றாமல் வந்தது.

போன வாரம் ஓசூர் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மத்திகிரியில் அக்கா வீட்டில் தங்கி, வீட்டு வேலைக்குப் போகிறாளாம். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் சொன்னத நீங்க மறந்துட்டீங்க, அத வுடுங்கண்ணா. யோசிச்சுப் பாத்தேன். உங்க மூக்கு தப்பாது. எனக்குத்தான் என்னமோ வாடை அடிச்ச மாதிரி தோணியிருக்குது. வேற கூடையில இருந்த அழுகல நான்தான் சரியாப் பொறுக்கல போல."

கேட்டீர்களா? தன் மூக்கையே நம்பாமல் போய்விட்டாள்... அது நல்ல மூக்கு ஐயா! என்னுடையதுதான் செத்த மூக்கு!

அதையாவது சொன்னேனா? அதற்குள் பையில் இருந்து ஒரு செந்தூராப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "பையன் காய்ச்சலாக் கெடக்கறான், மாம்பழம் கேட்டான். ஒரு மாதிரி வாடை வருதோன்னு எனக்குச் சந்தேகம். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மூக்கருகே கொண்டுபோனேன். இழுத்து இழுத்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை.

"நல்ல பழம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பழத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, மத்திகிரி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.